ஆசம்னு எப்ப சொல்லணும்? அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலீஷ் பேசிப் பழகுறவங்க கிட்டருந்து எனக்கு அதிகமா வர்ற கேள்விகள்ல பாதி இந்த ஒரே வார்த்தையைப் பத்தித்தான். எங்க பாத்தாலும் ஆசம் (awesome), யாரு எதை அனுப்பினாலும் ஆசம், ஆனா அதுக்கு உள்ள என்ன இருக்குன்னு யாரும் உக்காந்து சொல்லித் தர்றதில்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை இது, அதனால கொஞ்சம் நிதானமாவே எழுதுறேன்.

ஆசம்னா ஒரே வரியில என்ன அர்த்தம்?

ஒரே வரியில சொல்ல முடியாது, ஏன்னா இன்னிக்கு அது மூணு வேலை பாக்குது. ஒண்ணு, நிஜமாவே பிரமிக்க வைக்கிற, பாத்ததும் வாயடைச்சுப் போற மாதிரி இருக்கிற விஷயத்துக்கு சொல்றது. ரெண்டாவது, ரொம்ப நல்லா இருக்கு, சூப்பரா இருக்குன்னு சொல்றது. மூணாவது வெறும் "சரி, ஓகே, கிடைச்சுது"ங்கிற அளவுக்கு சொல்றது. மூணும் ஒரே வார்த்தை, ஆனா எடை வேற வேற. முதலாவது ஒரு டன்னுன்னா மூணாவது ஒரு கிராம் கூட தேறாது. எந்த ஆசம் எந்த எடைன்னு தெரியாமப் போறதுதான் நிறைய பேருக்கு வர்ற குழப்பம்.

இந்த வார்த்தை எங்கருந்து வந்துச்சு?

ரெண்டா ஒடைச்சுப் பாருங்க, "ஆ" அப்புறம் "சம்". முன்னாடி இருக்கிற "ஆ" (awe) தனியாவே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. நாம பயந்தாலும் ஆச்சரியப்பட்டாலும் "ஆ"ன்னு வாயத் திறக்கிறோம் இல்லையா, அதுக்கும் இதுக்கும் வம்சத் தொடர்பு எதுவும் கிடையாது, ஆனா ஞாபகம் வச்சுக்க இதைவிட நல்ல வழியும் கிடையாது. பழைய நார்ஸ் மொழியில, அதாவது வைக்கிங்குங்க பேசின மொழியில, "அகி"ன்னு ஒரு சொல் இருந்துச்சு, அதுக்கு அர்த்தம் பயம். அதுதான் இங்கிலீஷுக்குள்ள வந்து, கடவுள் முன்னாடி, ராஜா முன்னாடி, பெரிய புயல் முன்னாடி நிக்கிறப்ப வர்ற பயம் கலந்த மரியாதைன்னு ஆச்சு.

பின்னாடி இருக்கிற "சம்" வெறும் விகுதி. "கொஞ்சம்"னு அர்த்தம் வர்ற "சம்" இது இல்ல, நிறைய பேர் அப்படி நினைச்சுக்கிறாங்க. "டயர்சம்", "ட்ரபுள்சம்"ல எல்லாம் வருதே, அந்த "சம்". ஒரு குணத்தை உடைய, அதைத் தரக்கூடியன்னு அர்த்தம்.

1590கள்ல இந்தச் சொல் எழுத்துல வர ஆரம்பிச்சப்ப "ரொம்ப பயபக்தியோட இருக்கிற"ன்னுதான் அர்த்தம், அதாவது பயபக்தி இருக்கிற ஆளைச் சொல்ற சொல்லா இருந்துச்சு. 1670கள் வாக்குல அது திரும்பி, பயபக்தியை உண்டாக்குற பொருளைச் சொல்ற சொல்லா மாறுச்சு. "சூப்பர்"ங்கிற லேசான அர்த்தம் 1961லதான் பதிவாகுது, 1980க்கு அப்புறம்தான் அமெரிக்க இளைஞர்கள் வாயில வச்சு ஊர் பூரா பரப்பினாங்க. ஆக கிட்டத்தட்ட நானூறு வருஷக் கதையில சூப்பர்ங்கிற அர்த்தத்துக்கு வயசு ரொம்பக் கம்மி.

பயம்னு ஆரம்பிச்ச சொல் பாராட்டா எப்படி ஆகும்? ரெண்டும் எதிரெதிர் இல்லையா?

எதிர் மாதிரி தெரியும், ஆனா இல்ல. உங்க உடம்பையே கேட்டுப் பாருங்க. பயந்தாலும் புல்லரிக்கும், மனசை உலுக்குற ஒரு பாட்டு கேட்டாலும் புல்லரிக்கும், குளிர்ல நின்னாலும் புல்லரிக்கும். ஒவ்வொரு முடியோட வேர்லயும் ஒரு குட்டித் தசை இருக்கு, நம்ம கட்டுப்பாட்டுல இல்லாத நரம்பு அதை இழுக்குது, முடி நிமிர்ந்து நிக்குது, அவ்ளோதான். இது பயமா வியப்பான்னு தோலுக்குத் தெரியாது.

மனசு பக்கம் பாத்தா, 2003ல டாக்கர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் இந்த "ஆ"ங்கிற உணர்வைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க சொன்னது, இந்த உணர்வு வரணும்னா ரெண்டு விஷயம் வேணும், ஒண்ணு எதிர்ல இருக்கிறது நம்மள விட ரொம்பப் பெருசா இருக்கணும், இன்னொண்ணு அது நம்ம மண்டையில ஏற்கனவே இருக்கிற கணக்குக்குள்ள அடங்காம இருக்கணும், நம்ம கணக்கையே மாத்திக்க வேண்டி வரணும்.

இதைப் படிச்சப்ப எனக்கு உடனே தொல்காப்பியம்தான் ஞாபகம் வந்துச்சு. மெய்ப்பாட்டியல்ல மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, நாலு காரணம் சொல்லியிருக்கு: "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே". புதுசா இருக்கிறது, பெருசா இருக்கிறது, ரொம்பச் சின்னதா இருக்கிறது, ஒண்ணு இன்னொண்ணா மாறுறது. அதுல "மதிமை சாலா"ன்னு ஒரு சொல் போட்டிருக்காங்க பாருங்க, அறிவுக்குள்ள அடங்காததுன்னு அர்த்தம். அந்த ரெண்டு பேர் சொன்ன "கணக்குக்குள்ள அடங்காதது" இதேதான். அதோட எட்டு மெய்ப்பாட்டையும், அதாவது உடம்புல வெளிய தெரியுற உணர்ச்சிகளையும், வரிசையா சொல்றப்ப மருட்கைக்கு அடுத்து நிக்கிறது அச்சம். ரெண்டும் பக்கத்து வீடு.

பைபிள்ல இன்னும் நேரா பாக்கலாம். தமிழ்ல 47ஆம் சங்கீதத்துல கர்த்தர் "பயங்கரமானவர்"னு வரும். 1611ல வந்த பழைய இங்கிலீஷ் பைபிள்லயும் அந்த இடத்துல "டெரிபிள்"னுதான் இருக்கு. 1982ல வந்த புது கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்புல அந்தச் சொல்லை எடுத்துட்டு "ஆசம்"னு போட்டாங்க, ஏன்னா அதுக்குள்ள டெரிபிள்னா மோசம்னு ஆகிப்போச்சு. அந்த வசனத்துல வர்ற ஆசமுக்கு சூப்பர்னு அர்த்தம் எடுத்தா மொத்த வரியும் கெட்டுப் போயிடும்.

ஆஃபுல்னா மோசம், ஆசம்னா பிரமாதம். ரெண்டுலயும் அதே "ஆ" தானே இருக்கு?

ஆமா, அதே "ஆ"தான். ரெண்டும் அக்கா தங்கச்சி. ஆஃபுல்தான் மூத்தது, 1300 வாக்குலயே இருக்கு, அப்ப அதுக்கும் பயபக்தி உண்டாக்குறதுன்னுதான் அர்த்தம். 1800களோட ஆரம்பத்துல அது பயம் பக்கம் சரிஞ்சு "ரொம்ப மோசம்"னு ஆயிடுச்சு. அது காலி பண்ணிட்டுப் போன இடத்துல ஆசம் நின்னு, இது மரியாதை பக்கம் சரிஞ்சு மேல ஏறிடுச்சு. தமிழ்ல நாற்றம்ங்கிற சொல்லுக்கு முன்னாடி நல்ல வாசனைன்னு அர்த்தம், இப்ப யாரையாவது பாத்து அதைச் சொல்ல முடியுமா? அந்த மாதிரி சரிவுதான் ஆஃபுல்லுக்கும் நடந்தது. ஒரு சின்ன எச்சரிக்கை, "ஆஃபுலி குட்"னு யாராவது சொன்னா அது திட்டு இல்ல, ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தம்.

வேற எந்த இங்கிலீஷ் சொல்லுக்கு இப்படி பயந்த கதை இருக்கு?

நிறைய. டெரிஃபிக்னா முதல்ல பயமுறுத்துறது, "டெரர்"ங்கிற சொல்லோட சொந்தம். ட்ரிமெண்டஸ்னா லத்தீன்ல நடுங்க வைக்கிறது. அஸ்டானிஷிங்ல இடி முழக்கம் ஒளிஞ்சிருக்கு. ஸ்டன்னிங்னா அடிச்சு மயக்கம் போட வைக்கிறது. பயம், நடுக்கம், இடி, மயக்கம், இந்த நாலுலருந்துதான் பாதி பாராட்டுச் சொல் வந்திருக்கு. ஃபெண்டாஸ்டிக் மட்டும் வேற வழி, அது கற்பனையில மட்டும் இருக்கிறதுன்னு ஆரம்பிச்சு 1930கள் வாக்குலதான் பாராட்டா மாறினது.

தமிழ்லயும் இப்படி நடந்திருக்கா?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருப்பேன். நடந்திருக்கான்னு கேக்கவே வேணாம், நாம தினமும் பண்றோம்.

"அட்டகாசம்" எடுத்துக்கோங்க. வடமொழியில அட்டஹாசம்னா பேய்ச் சிரிப்பு மாதிரி உரக்கச் சிரிக்கிறது. அது தமிழ்ல வந்து முதல்ல அடாவடின்னு ஆச்சு, "பையன் அட்டகாசம் தாங்கல"ன்னு இன்னிக்கும் சொல்றோம், அதே வாயால "பாட்டு அட்டகாசம்"னும் சொல்றோம், ரெண்டும் ஒரே நாள்ல ஒரே ஆள் சொல்வாங்க, யாருக்கும் குழப்பமே வராது. "அமர்க்களம்" இன்னும் நேரடி, அமர்னா போர், களம்னா களம், அதாவது ரத்தம் சிந்துற இடம். இப்ப விழா நல்லா நடந்தா அமர்க்களம்.

"பிரமாதம்" இருக்கே, அது வடமொழியில கவனக்குறைவு, தப்பு. தெலுங்குக்காரங்க இன்னிக்கும் பிரமாதம்னா ஆபத்துன்னுதான் எடுத்துப்பாங்க, அதனால அவங்க கிட்ட போய் உங்க டிரைவிங் பிரமாதம்னு சொல்லிடாதீங்க. நாம மட்டும் அதைப் பாராட்டு பக்கம் தூக்கிட்டு வந்துட்டோம்.

பயம் கலக்காத சொல்லும் இருக்கு, அதுங்க அளவுலருந்து வந்ததுங்க. "அபாரம்"னா கரை இல்லாதது, அக்கரையே கண்ணுக்குத் தெரியாத தண்ணி. "பிரம்மாண்டம்"னா பிரம்மாவோட முட்டை, அதாவது மொத்த அண்டம். "அருமை"ன்னா அரிதா இருக்கிறது, கிடைக்கிறது கஷ்டம்ங்கிறது. கரையில்லாத கடல், அண்டம், கிடைக்காத பொருள், இதையெல்லாம் வச்சு நாம ஒரு போட்டோவுக்கு கமெண்ட் போட்டுட்டு இருக்கோம்.

இப்ப "வெறித்தனம்", "மிரட்டல்", "தாறுமாறு", "பயங்கரமா இருக்கு", "கொன்னுட்டான்" எல்லாம் அதே பாதையில வர்ற புதுசுங்க. இதெல்லாம் மொழியைக் கெடுக்குதுன்னு சில பேர் கோவப்படுறாங்க, நான் அப்படி நினைக்கல, பழைய சொல்லுக்கு கூர்மை போச்சுன்னா ஜனங்க வேற கூரான சொல்லைத் தேடிப் போவாங்க, அது பயம் இருக்கிற பக்கம்தான் எப்பவும் கிடைக்கும்.

ஆபீஸ்ல ஃபைல் அனுப்பினேன், மேனேஜர் "ஆசம்"னு ரிப்ளை போட்டார். பாராட்டா?

பெரும்பாலும் இல்ல. முன்ன சொன்ன மூணாவது வகை அது, "கிடைச்சுது, சரி"ன்னு அர்த்தம். நான் முதல் தடவை வெளிநாட்டு டீமோட வேலை பாத்தப்ப ஒவ்வொரு மெயிலுக்கும் ஆசம்னு பதில் வரும், நம்ம வேலை அவங்களை அசத்துதுன்னு நினைச்சுட்டு இருந்தேன், மூணு மாசம் கழிச்சு ரிவ்யூல திருத்தம் திருத்தமா வந்தப்பதான் புரிஞ்சுது. அதுல அவங்க தப்பு எதுவும் இல்ல, அமெரிக்கப் பேச்சுல அது சாதாரணம், எனக்குத்தான் யாரும் சொல்லித் தரல, அதனாலதான் இங்க சொல்றேன்.

எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறதுன்னா, கூட வேற என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. ஆசம் மட்டும் தனியா வந்தா, இல்ல பின்னாடியே தேங்க்ஸ் வந்தா, அது ஓகே. "ரெண்டாவது பக்கத்துல இருந்த அந்த சார்ட் ஆசம், நான் தேடிட்டு இருந்ததே அதுதான்"னு எதையாவது குறிப்பா தொட்டுச் சொன்னா மட்டும் சந்தோஷப்படலாம்.

ஒரு விஷயம் பாத்து அசந்து போனேன்னு சொல்ல "ஐ ஆம் ஆசம்"னு சொல்லலாமா?

கூடாது. இந்தத் தப்பு ரொம்பப் பேர் பண்றாங்க. ஆசம்ங்கிறது அசத்துற பொருளுக்கு, அசந்து போற ஆளுக்கு இல்ல. "ஐ ஆம் ஆசம்"னா "நான் செம ஆளு"ன்னு உங்களை நீங்களே புகழ்றதா ஆயிடும். போர் அடிக்க வைக்கிற "போரிங்"குக்கும் போர் அடிச்சுப் போன "போர்ட்"டுக்கும் இருக்கிற அதே வித்தியாசம்தான். அசந்து போனவருக்கு "ஆஸ்ட்ரக்"னு தனிச் சொல் இருக்கு, இல்லைன்னா "ஐ வாஸ் அமேஸ்ட்"னு சொன்னா போதும். ஒருத்தர் மேல மதிப்பு கலந்த வியப்பு இருந்தா "ஐ ஆம் இன் ஆ ஆஃப் ஹர்"னு சொல்வாங்க. "ஓவர்ஆட்"னு இன்னொண்ணு இருக்கு, அது எதிர்ல இருக்கிறவங்களோட பெருமையைப் பாத்து மிரண்டு நாக்கு ஒட்டிக்கிறது, அதுல மட்டும் பழைய பயம் அப்படியே உயிரோட இருக்கு.

"வெரி ஆசம்" சரியா?

பேச்சுல காதுல விழும், ஆனா நல்லா இருக்காது. ஆசம்ங்கிறதே உச்சி, உச்சிக்கு மேல "ரொம்ப" போட இடம் கிடையாது. "ரியலி ஆசம்", "டோட்டலி ஆசம்", "அப்சல்யூட்லி ஆசம்" எல்லாம் சரி, ஏன்னா அதெல்லாம் அளவைக் கூட்டல, நிஜமாவேன்னு அழுத்துது.

உச்சரிப்பு எப்படி?

ரெண்டே அசை, அழுத்தம் முதல் அசையில. நடுவுல எழுத்துல ஒரு வகரம் தெரியும், ஆனா அதைச் சொல்லக் கூடாது, அதனால "ஆவ்சம்", "அவேசம்" ரெண்டும் தப்பு. அமெரிக்காவுல "ஆ-சம்"னு கேக்கும், பிரிட்டன்ல வாயைக் குவிச்சு "ஓ-சம்"னு கேக்கும். எது வேணா பழகுங்க.

எங்கெல்லாம் இதை எழுதவே கூடாது?

இரங்கல் செய்தியில. "ஹி வாஸ் ஆன் ஆசம் மேன்"னு போடுறாங்க, நெருங்கின நண்பர்கள் மத்தியில பரவாயில்ல, ஆனா தெரியாதவங்க வீட்டுக்கு அனுப்புற செய்தியில அது லேசாத் தெரியும், துக்கத்துல இருக்கிறவங்களுக்கு அந்த லேசு வலிக்கும். அப்புறம் வேலைக்கு அனுப்புற ரெஸ்யூமே, பரீட்சைக் கட்டுரை, ஆய்வுக் கட்டுரை, அரசு அலுவலகத்துக்கு எழுதுற கடிதம். அங்கெல்லாம் "இம்ப்ரெசிவ்", "ரிமார்க்கபிள்" மாதிரி சொல் போடுங்க.

கிண்டலா சொல்றாங்களான்னு எப்படித் தெரியும்?

நடந்தது கெட்டதா, சொன்னது ஆசமா, அப்ப கிண்டல். கரண்ட் போயிடுச்சுன்னு சொன்னதும் ஒருத்தர் "ஓ, ஆசம்"னு இழுத்தாருன்னா "இது வேறயா"ன்னு அர்த்தம். குரல் கீழ இறங்கும், முகத்துல சிரிப்பு இருக்காது. எழுத்துல குரல் கேக்காதுங்கிறதால மெசேஜ்ல இந்தக் கிண்டல் நிறைய தடவை தப்பாப் போய் சேருது, நீங்க பண்ணாம இருக்கிறது நல்லது.

கோடிங் பண்றவங்க கிட்ட "ஆசம் லிஸ்ட்"னு கேள்விப்படுறேன், அது என்ன?

கோடிங் பண்றவங்க தங்களோட கோடைப் போட்டு வைக்கிற கிட்ஹப்ங்கிற வெப்சைட்ல ஒரு தலைப்புக்கு உருப்படியான லிங்க், டூல் எல்லாம் பொறுக்கி ஒரே பக்கத்துல தொகுத்து வைப்பாங்க, அதுக்கு அந்தப் பேர், 2014லருந்து பரவினது. ஃபாண்ட் ஆசம்னு ஒண்ணு 2012லருந்து இருக்கு, அது வெப்சைட்டுக்கான ஐகான் தொகுப்பு. இந்த இடத்துல எல்லாம் ஆசம்ங்கிறது பேர்தான், அர்த்தம் தேட வேணாம்.

"ஷாக் அண்ட் ஆ"ன்னு போர் செய்திகள்ல வர்றது இதே "ஆ"வா?

இதேதான், அதுவும் பழைய எடையோட. 1996ல அமெரிக்காவுல எழுதப்பட்ட ஒரு போர்க் கொள்கையோட பேர் அது, 2003ல ஈராக் மேல படையெடுத்தப்ப உலகம் பூரா அந்தச் சொல் தெரிஞ்சுது. ஒரேயடியா பெரும் பலத்தைக் காட்டி எதிரியை மிரள வச்சு, சண்டை போடுற எண்ணத்தையே ஒடைக்கிறதுன்னு அர்த்தம். அதுல பாராட்டு துளி கூட இல்ல. நானூறு வருஷம் முன்னாடி இருந்த அந்த நடுக்கம் எங்க போச்சுன்னு கேட்டா இங்க இருக்குன்னு காட்டலாம்.

எல்லாத்துக்கும் ஆசம் சொன்னா என்ன நஷ்டம்?

நஷ்டம் சொல்றவங்களுக்குத்தான். முழு சூரிய கிரகணம் பாத்தவங்க கிட்ட பேசிப் பாருங்க. சூரியன் நிலாவை விட கிட்டத்தட்ட 400 மடங்கு பெருசு, கிட்டத்தட்ட 400 மடங்கு தூரத்துல இருக்கு, அதனாலதான் ரெண்டும் வானத்துல ஒரே சைஸ்ல தெரிஞ்சு ஒண்ணு இன்னொண்ணை கச்சிதமா மூடுது, அந்த முழு இருட்டு எவ்ளோ நீண்டாலும் ஏழரை நிமிஷத்தைத் தாண்டாது. பட்டப்பகல்ல நட்சத்திரம் தெரியும், பறவைங்க கூட்டுக்குத் திரும்பும், கூடி நிக்கிற ஜனங்க தன்னை அறியாமக் கத்துவாங்க, சில பேர் அழுவாங்க. அதுக்கு வைக்க வேண்டிய சொல் இது. அந்தச் சொல்லை காலையிலருந்து முப்பது மெசேஜுக்கு செலவு பண்ணிட்டு அங்க போய் நின்னா கையில எதுவும் மிச்சம் இருக்காது.

அதுக்காக தினசரி பேச்சுல சொல்லவே கூடாதுன்னு நான் சொல்ல வரல, வாழுற மொழி அப்படித்தான் இருக்கும். ஒண்ணு மட்டும் செய்யுங்க, ஒருத்தரோட வேலையைப் பாராட்டுறப்ப ஆசமோட நிறுத்தாம எது உங்களைத் தொட்டுச்சுன்னு அடுத்த வரியில எழுதுங்க. "படம் ஆசம்"னு வர்றதுக்கும் "அந்தப் பாட்டியோட கை மேல விழுற வெளிச்சத்தை எப்படிப் புடிச்சீங்க"ன்னு வர்றதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு வரைஞ்சவங்களைக் கேளுங்க.

தமிழ்ல மொழிபெயர்க்கிறப்ப எந்தச் சொல் போடறது?

எடையைப் பாத்து போடுங்க. வெறும் "ஆசம்" பதிலா வந்தா "சரி", "நல்லது" போதும், அங்க போய் "அற்புதம்"னு போட்டா பேசுற ஆள் நாடக மேடையில நிக்கிற மாதிரி இருக்கும். நண்பர்கள் பேச்சுன்னா "செம", "சூப்பர்", வயசைப் பாத்து "வேற லெவல்". கடவுள், கடல், எரிமலை, வானம்னு பழைய எடையோட வந்தா "பிரமிக்க வைக்கும்", "மெய்சிலிர்க்க வைக்கும்". அந்த பயமும் சேந்து வரணும்னா, எனக்குத் தெரிஞ்சு "பயங்கரம்"ங்கிற சொல்லைத் தாண்டி ஒண்ணு கிடையாது, ஆனா அதைப் போடுறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிற வரிகளை ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பாருங்க, படிக்கிறவங்க ஓட்டப் பந்தயத்துல "பயங்கர ஸ்பீடு"ன்னு சொல்ற பயங்கரமா அதை எடுத்துக்கிட்டாங்கன்னா அந்த இடத்துல சொல்லை மாத்திட்டு "அச்சமும் வியப்பும்"னு ரெண்டாப் பிரிச்சே எழுதிடுங்க.